நில அறம் கண்ட வேட்டைக்காரர்

நுழையும்முன்

காட்டுயிர்களைக் காப்பது என்றால் அவற்றைக் கொல்லாதிருப்பது என்றே பொதுவாகப் பொருள்கொள்கிறோம். ஆனால், ஓர் உயிரினம் அளவின்றிப் பெருகித் தான் வாழும் காட்டையே தின்று தீர்க்கும் நிலை வந்தால் என்ன செய்வது? அந்நிலையை உண்டாக்கியவர்கள் மனிதர்களாகவே இருந்தால், அதைச் சீர்செய்யும் பொறுப்பு யாரைச் சேரும்? இவ்வினாக்களுக்குத் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடியவர் அமெரிக்க வனவியலாளர் ஆல்டோ லியோபோல்ட். மான்களைப் பெருக்குவதற்காக ஓநாய்களைக் கொன்ற இளைஞர், காட்டைக் காப்பதற்காக மான்களைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்ட பேராசிரியராக மாறிய வரலாறு இது.

ஆற்றங்கரை இளமை

ஆல்டோ லியோபோல்ட் 1887-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 11-ஆம் நாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பர்லிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கார்ல் லியோபோல்ட், தாயார் கிளாரா. செர்மானிய மரபில் வந்த அக்குடும்பத்தினர் மரமேசைகள் செய்யும் தொழிலை நடத்தி வந்தனர். அவர்களின் வீடு மிசிசிப்பி ஆற்றை நோக்கிய மேட்டுநிலத்தில் அமைந்திருந்தது. அந்த ஆறு வலசைப் பறவைகளின் பெருவழியும் ஆகும். இலையுதிர்காலத்தில் தெற்கு நோக்கியும் இளவேனிலில் வடக்கு நோக்கியும் காட்டு வாத்துகள் கூட்டங்கூட்டமாக அவ்வழியே பறந்து சென்றன. அவற்றைப் பார்த்து வளர்ந்த சிறுவர் ஆல்டோவுக்குப் பறவைகளின் பெயர்களையும் வருகையையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் இளமையிலேயே அமைந்தது. அப்பழக்கம் அவரது இறுதிநாள்வரை நீடித்தது.

அக்காலத்து அமெரிக்காவில் வேட்டைக்கு எல்லை இல்லை. சந்தையில் விற்பதற்காகப் பறவைகளும் விலங்குகளும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன. ஒரு காலத்தில் வானத்தை மறைக்கும் அளவுக்குத் திரண்டு பறந்த பயணப்புறா என்னும் இனம், எஞ்சியிருந்த கடைசிப் பறவையும் 1914-ஆம் ஆண்டு சின்சினாட்டி நகர விலங்குக்காட்சிச் சாலையில் இறந்ததோடு உலகிலிருந்தே மறைந்தது. புல்வெளிகளில் மேய்ந்த காட்டெருமைகள் சில நூறாகச் சுருங்கிப் பின்னரே காக்கப்பட்டன. இயற்கையின் செல்வம் குறைவற்றது என்ற நம்பிக்கை கண்முன்னே தகர்ந்துகொண்டிருந்த காலம் அது.

தந்தை வகுத்த எல்லைகள்

கார்ல் லியோபோல்ட் வேட்டையில் பெருவிருப்பம் கொண்டவர். எனினும், சட்டம் எதையும் விதிக்காத நாளிலேயே தமக்குத் தாமே எல்லைகளை வகுத்துக்கொண்டவர். இளவேனிலில் வடக்கே செல்லும் பறவைகள் இனம்பெருக்கச் செல்கின்றன என்பதை உணர்ந்து, அப்பருவத்தில் வாத்து வேட்டையை அவர் கைவிட்டார். ஒரு நாளில் இத்தனைதான் என்று கணக்கும் வைத்துக்கொண்டார்.

மகனுக்கு ஒற்றைக்குழல் துப்பாக்கியைக் கொடுத்தபோது அதனுடன் ஒரு விதியையும் சேர்த்துக் கொடுத்தார். மரக்கிளையில் அமர்ந்திருக்கும் கௌதாரியைச் சுடக்கூடாது. பறக்கும் கௌதாரியை மட்டுமே சுடலாம் என்பதே அவ்விதி. அமர்ந்திருக்கும் பறவையை வீழ்த்துவது எளிது. பறக்கும் பறவையைக் குறிபார்ப்பது கடினம். பெரும்பாலும் அது தப்பிவிடும். காட்டினுள் தனியாக நின்ற சிறுவர் அவ்விதியை மீறியிருந்தால் கண்டிருப்பார் எவருமில்லை. ஆயினும், கைக்கெட்டும் தொலைவில் கிளையில் அமர்ந்த கௌதாரிகளைச் சுடாமல் வெறுங்கையுடன் திரும்பிய நாள்கள் பல. அறநெறி பற்றித் தாம் கற்ற முதற்பாடங்களுள் அதுவும் ஒன்று என லியோபோல்ட் முதுமையில் நினைவுகூர்ந்தார்.

விளையாட்டு அரங்கில் நடுவர் இருப்பார், பார்வையாளர் இருப்பர். வேட்டைக்களத்திலோ வேட்டையாடுபவரின் மனச்சான்றைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆற்றல் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் அடங்கி நிற்பதே அங்கு அறத்தின் தொடக்கம். இந்தக் கருத்தே பின்னாளில் அவர் எழுப்பிய பெரும் சிந்தனைக்கு அடித்தளமாயிற்று.

வனத்துறைப் பணி

லியோபோல்ட், ஏல் பல்கலைக்கழகத்தின் வனவியல் பள்ளியில் பயின்று 1909-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்து, நாட்டின் தென்மேற்கிலுள்ள அரிசோனாப் பகுதியின் அப்பாச்சி தேசியக் காட்டிற்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது 22. குதிரைமீதேறிக் காட்டைச் சுற்றி வருவதும், மரங்களை அளவிட்டுக் கணக்கெடுக்கும் குழுக்களை வழிநடத்துவதும் அவரது பணிகள். 1912-இல் நியூ மெக்சிகோவிலுள்ள கார்சன் தேசியக் காட்டின் தலைமை அலுவலராக உயர்ந்தார். அவ்வாண்டிலேயே எஸ்டெல்லா என்பவரை மணந்தார்.

மறு ஆண்டு ஏப்ரலில் பணிநிமித்தம் வெளியே சென்றவர் கடுமழையிலும் குளிரிலும் அகப்பட்டுச் சிறுநீரக அழற்சியால் உயிருக்குப் போராடினார். பிழைத்தெழுந்து மீண்டும் பணிக்குத் திரும்ப ஓராண்டுக்கும் மேலாயிற்று. காடேறி உழைக்கும் உடல்வலிமை குறைந்ததால், வேட்டை விலங்குகளையும் மீன்வளத்தையும் காக்கும் பொறுப்பு 1915-இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஊர்தோறும் சென்று வேட்டையாடுவோரைத் திரட்டிச் சங்கங்களை அமைத்தார். அவர்களுக்கென இதழ் ஒன்றையும் நடத்தினார். வேட்டைச் சட்டங்களைக் கடுமையாக நடைமுறைப்படுத்த வேண்டும், சரணாலயங்களை அமைக்க வேண்டும், இவற்றோடு ஊனுண்ணி விலங்குகளை ஒழிக்க வேண்டும் என்பன அவர் முன்வைத்த திட்டங்கள்.

ஓநாய்கள்மீது தொடுத்த போர்

மூன்றாவது திட்டம் இன்று வியப்பை அளிக்கலாம். அன்று அதை எதிர்த்தவர் மிகச் சிலரே. கால்நடை வளர்ப்போர்க்கு ஓநாய் பகை. வேட்டையாடுவோர்க்கும் அது போட்டியாளர். ஓநாய் தின்னும் மான் ஒவ்வொன்றும் மனிதருக்குக் கிட்டாத மான் என்பதே அக்காலக் கணக்கு. அரசே வேட்டையாளர்களைச் சம்பளத்திற்கு அமர்த்தி, பொறி வைத்தும் நஞ்சிட்டும் சுட்டும் ஓநாய்களையும் மலைச்சிங்கங்களையும் அழித்தது. நியூ மெக்சிகோவின் கடைசி ஓநாயும் கடைசி மலைச்சிங்கமும் வீழும்வரை அப்பணி ஓயக்கூடாது என 1920-இல் லியோபோல்ட் பொதுமேடையில் வலியுறுத்தினார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்றை அவர் பல்லாண்டுகள் கழித்தே எழுதினார். அரிசோனாவில் பணியேற்ற தொடக்க நாள்களில், அவரும் உடனிருந்தோரும் உயர்ந்த பாறை விளிம்பொன்றில் அமர்ந்து நண்பகல் உணவு உண்டுகொண்டிருந்தனர். கீழே ஆற்றைக் கடந்த விலங்கை முதலில் பெண்மான் என எண்ணினர். கரையேறிய பின்னரே அது தாய் ஓநாய் எனத் தெரிந்தது. வளர்ந்த குட்டிகள் துள்ளியோடி வந்து தாயை வரவேற்றன. ஓநாயைக் கண்டால் சுடாமல் விடுவது அந்நாளில் எவர்க்கும் தோன்றாத செயல். துப்பாக்கிகள் ஒருசேர வெடித்தன. தாய் ஓநாய் வீழ்ந்தது. குட்டி ஒன்று அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு பாறைகளினூடே மறைந்தது. லியோபோல்ட் கீழிறங்கிச் சென்றபோது, தாயின் கண்களில் எஞ்சியிருந்த ஒளி மெல்ல அணைந்துகொண்டிருந்தது. தாம் அறியாத ஏதோவொன்று அந்தக் கண்களில் இருந்ததாக அவருக்குத் தோன்றியது. ஆனால், அதன் பொருளை அவர் உணர்வதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தேவைப்பட்டன.

கைபாப் பீடபூமியின் பாடம்

ஓநாயற்ற காடு எப்படியிருக்கும் என்பதற்கான விடை விரைவிலேயே கிடைத்தது. அரிசோனாவில் கிராண்ட் கேனியன் என்னும் மாபெரும் பள்ளத்தாக்கின் வடகரையில் கைபாப் பீடபூமி உள்ளது. 1906-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அப்பகுதியை மான்களுக்கான காப்பகமாக அறிவித்தார். மான் வேட்டை தடை செய்யப்பட்டது. ஆடுமாடுகளின் மேய்ச்சல் குறைக்கப்பட்டது. மலைச்சிங்கங்கள், ஓநாய்கள், காட்டுப்பூனைகள், ஓநாய்க்கு இனமான கயோட்டிகள் ஆகியன ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டன.

தொடக்கத்தில் ஏறத்தாழ 4,000 என மதிப்பிடப்பட்ட மான்கள் பல மடங்காகப் பெருகின. 1924-இல் அவை 1,00,000-ஐ எட்டியிருக்கும் எனச் சிலர் மதிப்பிட்டனர். கைக்கெட்டிய தழைகளையெல்லாம் மான்கள் தின்று தீர்த்தன. அதன்பின் வந்த பனிக்காலங்களில் அவை பட்டினியால் கூட்டங்கூட்டமாக மடிந்தன. அவற்றைப் பள்ளத்தாக்கின் மறுபக்கத்திற்கு ஓட்டிச் செல்ல 1924 திசம்பரில் எடுத்த முயற்சி முழுத் தோல்வியில் முடிந்தது. மான்கள் ஆடுமாடுகளைப்போல் ஓட்டுவதற்கு இசையவில்லை. சுட்டுக் குறைக்க வனத்துறை முற்பட்டபோது மாநில அரசு எதிர்த்தது. வழக்கு உச்சநீதிமன்றம்வரை சென்றது. தன் நிலத்தைக் காக்க மான்களைக் குறைக்கும் உரிமை நடுவணரசுக்கு உண்டு என 1928-இல் தீர்ப்பாயிற்று.

கைபாப் மான்களின் எண்ணிக்கை குறித்தும், அவை பெருகியதற்கான காரணங்கள் குறித்தும் பிற்கால ஆய்வாளர்கள் ஐயம் எழுப்பியுள்ளனர். ஊனுண்ணிகளின் அழிவு மட்டுமன்றி, கால்நடை மேய்ச்சல் குறைந்ததும் வேட்டைத் தடையும் அதில் பங்கு வகித்தன என்பது அவர்கள் கருத்து. ஆனால், தழையிழந்த காடும் பட்டினியால் மடிந்த மான்களும் ஐயத்திற்கு இடமற்ற உண்மைகள்.

தெரிந்து தெளிவோம்

ஒரு நிலப்பகுதி தன் வளம் குன்றாமல் எத்தனை விலங்குகளுக்கு உணவும் உறைவிடமும் அளிக்க இயலுமோ, அந்த அளவே அதன் தாங்குதிறன் எனப்படும். விலங்குகள் அவ்வளவைக் கடந்து பெருகினால் இளஞ்செடிகள் அழியும். நிலத்தின் தாங்குதிறனே குறைந்துவிடும். எனவே, பட்டினியால் விலங்குகள் குறைந்தபின்னும் காடு உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. மான்கள் மிகுந்த காட்டில், அவற்றின் வாய்க்கு எட்டும் உயரம்வரை மரங்களில் தழையே இராது. கோடிட்டதுபோல் தெரியும் அந்த எல்லையைக் கொண்டே காட்டின் நிலையை வல்லுநர் கணிப்பர்.

எண்ணிக்கையை ஆளும் கலை

லியோபோல்டின் முயற்சியால், நியூ மெக்சிகோவின் ஹீலா ஆற்றுப் பகுதி 1924-இல் சாலைகளும் கட்டடங்களும் நுழையாத காட்டுவெளியாக ஒதுக்கப்பட்டது. அமெரிக்கத் தேசியக் காடுகளில் இவ்வாறு ஒதுக்கப்பட்ட முதற்பகுதி அதுவே. அவ்வாண்டில் அவர் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகருக்கு மாற்றலாகிச் சென்றார். பின்னர் ஹீலாப் பகுதியிலும் மான்கள் பெருகின. அவற்றைக் குறைக்க வேட்டையாடுவோர் உள்ளே செல்ல வேண்டும் என்பதற்காக, வனத்துறை அந்தக் காட்டுவெளியின் குறுக்கே சாலையமைத்து அதை இரண்டாகப் பிளந்தது. ஓநாயை அழித்தமை மானைப் பெருக்கியது. மானின் பெருக்கம் காட்டுக்குள் சாலையைக் கொணர்ந்தது. ஒரு தலையீடு மற்றொன்றை வேண்டி நிற்கும் சங்கிலியின் முதற்கண்ணியில் தம் கையும் இருந்ததை அவர் அறிந்தார்.

1928-இல் வனத்துறையிலிருந்து விலகிய லியோபோல்ட், துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் அமைப்பின் பொருளுதவியுடன் நடு மேற்கு மாநிலங்களில் வேட்டை விலங்குகளின் நிலையை ஆராய்ந்தார். அவ்வனுபவத்தின் பயனாக, வேட்டை விலங்கு மேலாண்மை பற்றிய அவரது பெருநூல் 1933-இல் வெளிவந்தது. அதே ஆண்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அத்துறைக்கென ஒரு பேராசிரியர் பதவியை உருவாக்கி அவரை அமர்த்தியது. வேட்டை விலங்குகளைக் காப்பதற்குச் சட்டம் மட்டும் போதாது. அவற்றின் உணவையும் மறைவிடத்தையும் பேண வேண்டும் என்பதே அந்நூலின் சாரம். எனினும், உழவர் பயிரை விளைவிப்பதுபோல் விலங்குகளையும் விளைவிக்கலாம் என்ற நம்பிக்கையே அதில் ஓங்கி நின்றது. மனிதர் மேலாளர், நிலம் அவர் ஆளும் பொருள் என்னும் எண்ணம் இன்னும் நீங்கவில்லை.

இருவேறு காடுகள்

அவ்வெண்ணத்தை அசைத்தவை இரண்டு பயணங்கள். 1935-இல் லியோபோல்ட் செர்மனிக்குச் சென்று காடுகளை ஆராய்ந்தார். வனவியலின் தாயகமாகப் போற்றப்பட்ட நாடு அது. அங்கு ஒரே இன மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஓநாய்கள் நெடுங்காலத்துக்கு முன்பே ஒழிக்கப்பட்டிருந்தன. மான்களுக்குப் பனிக்காலத்தில் மனிதரே தீனியிட்டனர். இளமரங்களை அம்மான்களிடமிருந்து காக்க வேலியும் அமைத்தனர். மரங்களினடியில் செடிகொடிகள் அருகிக் கிடந்தன. எல்லாம் ஒழுங்காக இருந்தன. உயிர்ப்பு மட்டும் இல்லை.

மறு ஆண்டு அவர் மெக்சிகோவின் வட பகுதியிலுள்ள சியரா மாத்ரே மலைக்கு வில்வேட்டைக்காகச் சென்றார். 1937-இல் மீண்டும் சென்றார். அங்கு மான்கள் நிறைந்திருந்தன. ஓநாய்களும் மலைச்சிங்கங்களும் உடன் வாழ்ந்தன. ஆயினும் மான்கள் காட்டை அழிக்கவில்லை. ஆறு தெளிந்து ஓடியது, மண் அரிக்கப்படவில்லை. எவரும் மேலாண்மை செய்யாத அந்த மலை, அறிஞர் பலர் பேணிய செர்மானியக் காட்டைவிட நலமாக இருந்தது. நோயுற்ற நிலங்களையே அதுவரை ஆராய்ந்து வந்த அவர், நலமான நிலம் எப்படியிருக்கும் என்பதை அங்குதான் கண்டார். ஓநாய் மானின் பகை மட்டுமன்று. மான் வாழும் காட்டின் காவலுமாகும் என்ற தெளிவு அவருக்குப் பிறந்தது.

பாழ்நிலத்தில் ஒரு பள்ளி

1935-ஆம் ஆண்டு மற்றொரு வகையிலும் அவரது வாழ்வில் திருப்பமாக அமைந்தது. விஸ்கான்சின் ஆற்றங்கரையில், பயிரிட்டுப் பயிரிட்டு வளமிழந்து கைவிடப்பட்ட மணற்பாங்கான பண்ணையொன்றை அவர் வாங்கினார். அதில் எஞ்சியிருந்த கட்டடம் ஒரு கோழிக்கொட்டகை மட்டுமே. அதைச் செப்பனிட்டுக் குடும்பத்துடன் வார இறுதிகளில் தங்கினார். அவரும் எஸ்டெல்லாவும் ஐந்து மக்களும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் மரக்கன்றுகளை நட்டனர். வறட்சியில் பெரும்பாலானவை கருகின. அவர்கள் மீண்டும் நட்டனர். எந்தப் பறவை எந்நாளில் வந்தது, எந்தப் பூ எந்நாளில் மலர்ந்தது என அவர் விடியற்காலையில் குறிப்பெழுதினார். நிலத்தைக் கெடுக்க எத்துணைக் குறைந்த காலம் போதும், அதை மீட்க எத்துணை நெடிய காலம் வேண்டும் என்பதை அந்தப் பண்ணை அவருக்கு உணர்த்தியது.

மான்களுக்காக எழுந்த எதிர்ப்பு

லியோபோல்டின் கொள்கைக்குக் கடுஞ்சோதனை 1940-களில் வந்தது. விஸ்கான்சினின் வட பகுதிக் காடுகளில் மான்கள் மிகுந்தன. பல்லாண்டுகளாக ஆண்மான்களை மட்டுமே சுடலாம் என்ற விதி அங்கு நிலவியது. ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு இணையும் இயல்புடையது. ஆதலால், ஆண்மான்களை மட்டும் சுடுவதால் மந்தையின் பெருக்கம் குறையாது. 1942-இல் மான்களின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட குடிமக்கள் குழுவுக்கு லியோபோல்ட் தலைமையேற்றார். பனிக்காலத்தில் மான்கள் ஒதுங்கும் இடங்களைக் குழுவினர் நேரில் கண்டனர். பெரிய மான்கள் எட்டிய உயரத்தைக் குட்டிகளால் எட்ட இயலவில்லை. எனவே முதலில் மடிந்தவை குட்டிகளே. பனிமீது கிடந்த அவற்றின் உடல்களை அவர்கள் பார்த்தனர்.

பெண்மான்களையும் குட்டிகளையும் சுட்டு மந்தையைக் குறைக்க வேண்டும் எனக் குழு பரிந்துரைத்தது. 1943-இல் மாநில இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினராகவும் லியோபோல்ட் அமர்த்தப்பட்டார். அவ்வாண்டு ஆண்மான்களுக்குச் சில நாள்களும் கொம்பற்ற மான்களுக்குச் சில நாள்களும் வேட்டைக்காக ஒதுக்கப்பட்டன. 1,20,000-க்கும் மேற்பட்ட மான்கள் வீழ்ந்தன. மக்களின் சீற்றம் வெடித்தது. பெண்மானையும் குட்டியையும் கொல்வதா என ஊரெங்கும் கண்டனக் குரல்கள் எழுந்தன. மான்களைக் காப்பதற்கென்றே தொடங்கப்பட்ட செய்தித்தாள் ஒன்று அவரைத் தொடர்ந்து தாக்கியது. மறு ஆண்டே பழைய விதி திரும்பியது.

எதிர்த்தவர்களிலும் மான்மீது அன்புடையோர் பலர் இருந்தனர். அவர்களின் கண்ணுக்குத் துப்பாக்கியால் வீழ்ந்த மான் தெரிந்தது. பனிக்காட்டின் ஆழத்தில் பட்டினியால் மடிந்த மான் தெரியவில்லை. முளைக்காமலே போன மரக்கன்று எவர்க்குமே தெரியவில்லை. மான், மரம், மண் ஆகிய மூன்றையும் ஒருசேரக் காண்பதே உண்மையான பரிவு என லியோபோல்ட் கருதினார். அறிவியல் உண்மையைக் கண்டறிவதைவிட, அதை மக்கள் மனம் ஏற்கச் செய்வது கடினம் என்பதையும் அவர் உணர்ந்தார். 1949-இல் விஸ்கான்சின் மீண்டும் கொம்பற்ற மான்களின் வேட்டைக்கு இசைந்தது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

மாணவர் எழுப்பிய கேள்வி

லியோபோல்ட் தம் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்க முனைந்தபோது, அவற்றைத் தம் மாணவர் ஆல்பர்ட் ஹாக்பாமுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டார். ஓவியரும் நீர்ப்பறவை ஆய்வாளருமான ஹாக்பாம் தயங்காமல் குறை கூறினார். ஓநாய்களின் அழிவுக்காக வருந்தும் பேராசிரியர், அவ்வழிவில் தமக்கிருந்த பங்கை மறைப்பது முறையன்று என்பது அவரது வாதம். மாணவரின் கண்டிப்பை ஆசிரியர் ஏற்றார். 1944-இல், அரிசோனாப் பாறை விளிம்பில் தாம் சுட்ட ஓநாயின் கதையை முதன்முறையாக எழுதினார். மான் ஓநாய்க்கு அஞ்சி வாழ்வதுபோல், மலை தன்மீது வாழும் மான்களுக்கு அஞ்சுகிறது என்ற எண்ணத்தை அதில் வெளியிட்டார். ஓநாயால் இறந்த மானின் இடத்தைச் சில ஆண்டுகளில் மற்றொரு மான் நிரப்பும். மான்களால் மொட்டையான மலை பல்லாண்டுகள் கழிந்தும் தளிர்க்காது என்பதே அதன் கருத்து.

நில அறம்

அவரது சிந்தனையின் முடிமணியாக விளங்குவது நில அறம் என்னும் கோட்பாடு. மனித வரலாற்றில் அறத்தின் எல்லை சிறிது சிறிதாக விரிந்து வந்துள்ளது. ஒரு காலத்தில் அடிமைகள் உடைமைகளாகக் கருதப்பட்டனர். அவர்களைக் கொல்வதும் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. பின்னர் மனிதர் அனைவரும் அறத்தின் எல்லைக்குள் வந்தனர். அவ்வெல்லை மேலும் விரிந்து மண், நீர், செடிகொடி, விலங்கு ஆகியவற்றையும் தழுவ வேண்டும் என்றார் லியோபோல்ட். மனிதர் நிலத்தை வென்று ஆள்பவர் அல்லர். நிலம் என்னும் சமுதாயத்தில் அவரும் ஓர் உறுப்பினர். ஒரு செயல் அந்த உயிர்ச் சமுதாயத்தின் நலத்தைக் காக்கிறதா, குலைக்கிறதா என்பதே அச்செயலை அளக்கும் கோல்.

இந்தக் கோலால் அவர் வேட்டையையும் அளந்தார். தாம் வேட்டையாடுவதை அவர் இறுதிவரை விடவில்லை. ஆனால், புதுப்புதுக் கருவிகளின் துணையால் எண்ணிக்கைக்காகவும் பெருமைக்காகவும் கொல்வதை வன்மையாகக் கண்டித்தார். தம் கையால் செய்த வில்லுடன் வேட்டைக்குச் சென்று வெறுங்கையுடன் திரும்புவதை அவர் இழிவாக எண்ணவில்லை. அவரது கோட்பாட்டிற்கு மறுப்பும் உண்டு. முழுமையின் நலனுக்காகத் தனி விலங்கின் உயிரைப் பறிப்பது நேர்மையா எனப் பிற்கால மெய்யியலார் சிலர் வினவினர். பெருகிவிட்ட மான்களைக் கொல்லலாம் எனின், பெருகிவிட்ட மனிதரைப் பற்றி அக்கோல் என்ன கூறும் என்றும் கேட்டனர். நில அறம், மனிதர்க்கு மனிதர் ஆற்ற வேண்டிய அறத்தை நீக்கிவிட்டு அதன் இடத்தில் அமர்வதன்று. அதன்மேல் கூடுதலாக அமைவது என்பது அறிஞர் சிலர் அளித்த விடை. இவ்விவாதம் இன்றும் முடியவில்லை.

மறைவும் தொடர்ச்சியும்

1948 ஏப்ரலில், லியோபோல்டின் கட்டுரைத் தொகுப்பை வெளியிட ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் இசைந்தது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 21-ஆம் நாள், அண்டைப் பண்ணையொன்றில் புல்வெளித் தீப் பரவியது. அதை அணைக்கச் சென்ற லியோபோல்ட் மாரடைப்பால் அங்கேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 61. மகன் லூனா செம்மைப்படுத்திய அந்நூல் 1949-இல் வெளிவந்து, பின்னர் உலகெங்கும் இலட்சக்கணக்கான வாசகரைச் சென்றடைந்தது.

அவர் எழுப்பிய வினாவை அவரது மூத்த மகன் ஸ்டார்க்கர் தொடர்ந்தார். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1920-களிலேயே ஓநாய்கள் ஒழிக்கப்பட்டிருந்தன. எல்க் என்னும் பெரிய மானினம் அங்கு மிகுந்ததால், 1960-களின் தொடக்கத்தில் பூங்கா அலுவலர்களே அவற்றைச் சுட்டுக் குறைத்தனர். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அச்சிக்கலை ஆராய அமைக்கப்பட்ட குழு ஸ்டார்க்கரின் தலைமையில் 1963-இல் அறிக்கை அளித்தது. 1995-இலும் 1996-இலும் கனடாவிலிருந்து கொணரப்பட்ட 31 ஓநாய்கள் யெல்லோஸ்டோனில் விடப்பட்டன. 1998-இல் மெக்சிகோ ஓநாய்கள் 11, அரிசோனாவில் விடுவிக்கப்பட்டன. அவை விடுவிக்கப்பட்ட இடம், 22 வயது லியோபோல்ட் துப்பாக்கியுடன் வலம்வந்த அதே அப்பாச்சி தேசியக் காடு. ஓநாய்களின் வருகையை இன்றும் அங்குள்ள கால்நடை வளர்ப்போர் பலர் எதிர்க்கின்றனர். ஆதரிப்போரும் பலர் உள்ளனர்.

துப்பாக்கியைத் தொடலாமா கூடாதா என்பதோடு லியோபோல்டின் வினா நின்றுவிடவில்லை. ஓநாயைச் சுட்டபோதும், மானைக் குறைக்கச் சொன்னபோதும் ஒரே கருவியே முன்னின்றது. முதலாவதில் மனிதரின் விருப்பம் ஒன்றே அளவுகோலாயிற்று; இரண்டாவதில் காட்டின் நலம் அளவுகோலாயிற்று. எண்ணிக்கையை ஆளத் துணிந்தவர் அதன் விளைவு முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அவரது வாழ்க்கை உணர்த்தும் அறம்.

கற்பவை கற்றபின்…

1. விதியை மீறினாலும் காண்போர் எவருமில்லாத இடத்தில் அதைப் பின்பற்றிய நிகழ்வொன்றை உங்கள் வாழ்விலிருந்து எடுத்து ஒரு பத்தி எழுதுக.
2. பெண்மான்களைச் சுட வேண்டும் எனப் பரிந்துரைத்த குழுவினரும் அதை எதிர்த்த மக்களும் கூறியிருக்கக்கூடிய காரணங்களை இரு அணிகளாகப் பிரிந்து வகுப்பறையில் விவாதிக்க.
3. உங்கள் ஊரில் எண்ணிக்கை பெருகிய அல்லது அருகிய ஓர் உயிரினத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கான காரணங்களை முதியோரிடம் கேட்டறிந்து தொகுக்க.